சுப்பர் சூம் கமரா வாங்குமுன்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் நிலவின் குழிகள் வரை எட்டிப் பார்க்கும். அப்படியான கமராக்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். பெத்தகானவிலும் தலங்கம வாவிக் கரையிலும் காலையில் கமராவோடு நின்றால், நடக்க வந்தவர்கள் நின்று கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான். அவற்றோடு நண்பர்கள் தொலைபேசியில் கேட்பவற்றையும் சேர்த்திருக்கிறேன். எண்கள் அந்தந்த நிறுவனங்கள் வெளியிட்டவை. எது நல்லது, எது தேவையில்லை என்பது என் கருத்து.

சுப்பர் சூம் என்றால் எந்தக் கமராவைச் சொல்கிறோம்?

பார்க்க டிஎஸ்எல்ஆர் மாதிரி இருக்கும், லென்ஸ் மட்டும் உடலோடு ஒட்டியே இருக்கும். பிரிட்ஜ் கமரா என்றும் சொல்வார்கள். இப்போது நம்மவர்கள் விசாரிப்பவை பெரும்பாலும் இவைதான்: நிக்கோன் பி900 (2015), பி1000 (2018), பி950 (2020), பி1100 (2025), கெனன் எஸ்எக்ஸ்70 (2018), பனசோனிக் எஃப்இசட்82, அதன் புதிய வடிவமான எஃப்இசட்82டி (2024), எஃப்இசட்300 (2015), எஃப்இசட்1000, சொனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (2017). எஃப்இசட்300ஐச் சில நாடுகளில் எஃப்இசட்330 என்று விற்றார்கள், இரண்டும் ஒன்றுதான்.

கெனன் எஸ்எக்ஸ்740, பனசோனிக் டிஇசட்99 போன்ற சட்டைப்பைக்குள் போகும் 30, 40 மடங்குக் கமராக்கள் வேறு வகை. பயணத்துக்கு நல்லவை. இந்த இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது என்பதால் கொழும்பு வெயிலில் திரையில் எதுவும் தெரியாமல் திண்டாடுவீர்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

83 மடங்கு, 125 மடங்கு என்று போட்டிருக்கிறார்களே. பெரிய எண்தானே நல்லது?

இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் அந்த எண்ணைப்போல உதவாத எண் வேறில்லை. லென்ஸ் எவ்வளவு இழுக்கும் என்பதை மிமீயில் சொல்லும் எண் குவியத் தூரம். அதன் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்தால் வருவதுதான் அது. எஃப்இசட்82 20 மிமீயில் தொடங்கி 1200இல் முடிகிறது, ஆகவே 60 மடங்கு. அதே 1200இல் முடியும் ஒரு லென்ஸ் 24இல் தொடங்கினால் 50 மடங்குதான். தூரத்தில் இருப்பதை இரண்டும் ஒரே அளவுக்குத்தான் இழுத்துக் காட்டும். கோயில் மண்டபத்துக்குள் நின்று முழுத் தூண்வரிசையையும் எடுக்க விரும்புபவருக்கு 20 மிமீ பெரிய வசதி, ஆனால் அது தூரத்துப் பறவைக்கு உதவாது.

கடைசி மிமீ எண்ணை மட்டும் பாருங்கள். பைனாகுலர் பழக்கமுள்ளவர்கள் அதை 50ஆல் வகுத்தால் ஓரளவு பிடிபடும்: 400 மிமீ என்பது 8 மடங்குப் பைனாகுலர், பி950இன் 2000 மிமீ 40 மடங்கு, பி1000, பி1100 இரண்டின் 3000 மிமீ 60 மடங்கு. டிஜிட்டல் சூம் என்று தனியாக ஒரு எண் இருந்தால் அதைக் கண்ணில் படாததுபோலக் கடந்து போங்கள்.

சென்சர் (படத்தைப் பதியும் சில்லு) சிறியது என்று எல்லாரும் குறை சொல்கிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

குறைதான். ஆனால் அந்தக் குறை இல்லாவிட்டால் இந்தக் கமராவே இல்லை. பி950இன் 2000 மிமீ என்பது முழு அளவு ஃபிலிம் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 357 மிமீதான். சென்சர் மிகச் சிறியது என்பதால் அந்த 357ஏ 2000 போல வேலை செய்கிறது. உண்மையான 2000 மிமீ லென்ஸ் என்றால் அதைக் கொண்டுபோக ஒரு முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும்.

நிக்கோன் பி வரிசை, எஸ்எக்ஸ்70, எஃப்இசட்82, எஃப்இசட்300 எல்லாவற்றிலும் இருப்பது ஏறத்தாழ 6.2 × 4.6 மிமீ சென்சர், பரப்பு சுமார் 28 சதுர மிமீ. எஃப்இசட்1000இலும் ஆர்எக்ஸ்10இலும் 13.2 × 8.8 மிமீ, அதாவது 116 சதுர மிமீ. நான்கு மடங்கு. முழுச்சட்டக் கமரா 864 சதுர மிமீ. இந்த வித்தியாசம் காலை எட்டு மணி வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாது. மழை இருட்டிலும் மர நிழலிலும்தான் சாயம் வெளுக்கும். ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு, 400ஐத் தாண்டியதும் சிறிய சென்சர் கமரா பறவையின் இறகு நுணுக்கத்தை இரைச்சல் (இருட்டில் வரும் புள்ளிப்புள்ளிக் கறை) என்று நினைத்து வழித்துவிடும். 800இல் இறகு இருந்த இடத்தில் தண்ணீர்ச் சாயம் தீட்டியதுபோல ஒரு பூச்சுத்தான் மிஞ்சும்.

அப்படியென்றால் எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

இதற்குத்தான் நான் எப்போதும் ஒரு கணக்குச் சொல்வேன். லென்ஸின் முகப்பில் உண்மையான குவியத் தூரம் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 4.3-357. பெரிய எண்ணை, நீண்ட முனைக்குரிய எஃப் எண்ணால் (லென்ஸின் ஒளித்திறப்பைச் சொல்லும் எண், சிறியதானால் ஒளி கூட) வகுத்துவிடுங்கள். வருவது ஒளி உள்ளே போகும் வாயின் விட்டம். தூரத்தில் ஒரு கிளையில் இருக்கும் பறவையிடமிருந்து கமரா எவ்வளவு ஒளியைக் கைப்பற்றும் என்பதை இது சொல்லிவிடும். எவ்வளவு நுணுக்கம் பிரிந்து தெரியும் என்பதன் மேல் எல்லையையும் இதுவே தீர்மானிக்கிறது. சென்சர் சிறியதா பெரியதா என்ற சண்டை இதற்குப் பிறகுதான்.

போட்டுப் பாருங்கள். பி1000, பி1100: 539ஐ 8ஆல் வகுத்தால் 67 மிமீ. பி900, பி950: 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55. ஆர்எக்ஸ்10 மார்க் 4: 220ஐ 4ஆல் வகுத்தால் அதுவும் 55. எஃப்இசட்300: 108ஐ 2.8ஆல் வகுத்தால் 39க்குக் கொஞ்சம் குறைவு. எஸ்எக்ஸ்70: 247ஐ 6.5ஆல் வகுத்தால் 38. எஃப்இசட்82: 215ஐ 5.9ஆல் வகுத்தால் 36. எஃப்இசட்1000உம் அதே 36 சொச்சம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எஃப்இசட்82இன் 1200 மிமீயும் எஃப்இசட்300இன் 600 மிமீயும் கிட்டத்தட்ட ஒரே வாய். ஆகவே, "600தானே, பாதிதானே" என்று எஃப்இசட்300ஐ ஒதுக்கத் தேவையில்லை. 600இல் எடுத்து 1200 அளவுக்கு நடுப்பகுதியை வெட்டினால் 12 மெகாபிக்சலில் 3 மிஞ்சும். போனில் பார்க்கவும் சிறிய பிரிண்ட் போடவும் அது போதும். 600 மிமீ வரை முழுதும் எஃப் 2.8 கிடைப்பது இருட்டிலும் ஓட்டத்திலும் வேறு கதை.

இரண்டாவது, பி950உம் ஆர்எக்ஸ்10உம் ஒரே 55 மிமீ. தொடக்க விலை ஒன்று 800 டொலர், மற்றது 1700 டொலர். தூரத்துப் பறவை மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் மேலதிக 900 டொலர் உங்களுக்கு அதிக ஒளியைத் தராது. ஆர்எக்ஸ்10இன் 600 மிமீ படத்தை 2000 மிமீ அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்சலில் 2க்கும் குறைவாகத்தான் மிஞ்சும். அங்கே பி950 தெளிவாக முந்துகிறது. ஆனால் பறவை கிட்ட வந்தால், பறந்தால், மேகம் மூடினால் ஆர்எக்ஸ்10 எட்ட முடியாத தூரத்துக்கு முன்னால் போய்விடும். அதன் குவியம் பிடிக்கும் வேகம் மற்ற எதிலும் இல்லை. விநாடிக்கு 24 படம் எடுக்கும்.

எல்லாரும் காட்டும் அந்த நிலாப் படம் உண்மையிலேயே வருமா?

வரும். இந்த வகைக் கமராவில் மிகச் சுலபமான படம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். நிலா வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. அதற்கு இரவு அமைப்பு எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, ஷட்டர் விநாடியில் 250இல் ஒரு பங்கு என்று வைத்து அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். முழு நிலவைவிட அரை நிலவில்தான் குழிகளின் நிழல் விழுந்து படம் உயிரோடு வரும். பௌர்ணமி விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

2000 மிமீயில் நிலா சட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்கை அடைக்கும். 3000இல் சட்டத்துக்குள் அடங்காது, விளிம்பு வெட்டுப்படும். பி1000 வாங்கியவர்கள் நிலாவுக்காகவே கொஞ்சம் சூமைக் குறைக்கிறார்கள். முக்காலியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் திரும்பும்போது நிலா இருக்காது. பூமி சுழல்வதால் 2000 மிமீ சட்டத்தை அது சுமார் நாலு நிமிடத்தில் கடந்துவிடும். வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் புள்ளிகளாகத் தெரியும். சனியின் வளையமும் பிடிபடும், ஆனால் சிறியதாக.

என் போனிலேயே 100 மடங்கு சூம் இருக்கிறதே, பிறகு ஏன் கமரா?

சாம்சுங் 2020இல் எஸ்20 அல்ட்ராவோடு அந்த 100 மடங்கைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பகுதி வெட்டி நீட்டுவதுதான். எஸ்23 அல்ட்ராவில் லென்ஸ் உண்மையில் எட்டுவது சுமார் 230 மிமீ. ஐபோன் 15 ப்ரோ மாக்ஸில் 120. நிலாவைக் கண்டதும் சாம்சுங் போன் செயற்கை நுண்ணறிவால் விவரத்தை மேம்படுத்துகிறது என்பதை அந்த நிறுவனமே விளக்கியிருக்கிறது. உங்கள் மொட்டைமாடியில் எடுத்த நிலாவில் எவ்வளவு நிலா, எவ்வளவு கணக்கு என்று சொல்வது கடினம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 24 மிமீ அகலப் படத்துக்கு, அதாவது குடும்பம், சாப்பாடு, தெரு, இரவு வெளிச்சம் எல்லாவற்றுக்கும், நல்ல போன் சிறிய சென்சர் சுப்பர் சூமை இப்போது வென்றுவிடும். சிறிய சென்சர் கமராவை 200 மிமீக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிவதில் பயனில்லை.

காலிமுகத்திடலிலிருந்து எடுத்தால் கப்பல்கள் ஏன் நெளிந்து கலங்கலாக வருகின்றன? கமராவில் பழுதா?

பழுது கமராவில் இல்லை, காற்றில். வெயில் ஏறியதும் தரையும் தண்ணீரும் சூடாகி, அடுக்கடுக்காக வெப்பக் காற்று மேலே எழுகிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒளியைக் கொஞ்சம் வளைக்கிறது. 200 மிமீயில் அது தெரியாது. 2000இல் கப்பலின் பாரந்தூக்கி தகடுபோல நெளியும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. கொழும்பில் நீண்ட சூமுக்கு நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. மழை பெய்து ஓய்ந்த பின் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும், அதையும் விடாதீர்கள். மத்தியானம் தியவன்னா ஓயாவின் மறுகரையில் இருக்கும் நாரையை 3000 மிமீயில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கமராவை விற்கப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் ஊர்க் காற்றில் 1200க்கு மேலான சூமை நாளில் சில மணி நேரம்தான் முழுதாகப் பயன்படுத்த முடியும். 3000 மிமீ எப்போதும் கையில் இருக்கும், ஆனால் எப்போதும் உதவாது.

இன்னொன்று. பி900 வந்த காலத்தில், அடிவானத்துக்குக் கீழே போன கப்பலை சூம் பண்ணித் திரும்பக் கொண்டுவரலாம், ஆகவே பூமி தட்டை என்று வீடியோக்கள் சுற்றின. காலிமுகத்திடலில் நின்றே சோதித்துப் பார்க்கலாம். கண் மட்டம் கடலிலிருந்து 5 மீட்டர் உயரம் என்றால் அடிவானம் சுமார் 8 கிலோமீட்டரில். சிறியதாகத் தெரிந்த கப்பல் சூமில் பெரிதாகும். ஆனால் அடிப்பாகம் மறைந்த கப்பலின் அடிப்பாகம் எத்தனை மடங்கு சூமிலும் வராது.

துறைமுகத்தையோ படை முகாம்களையோ நோக்கி இவ்வளவு நீளக் குழாயை நீட்டாதீர்கள். காவலர் வந்து கேட்டால் "பருந்து எடுத்தேன்" என்று விளக்குவது சுலபமில்லை.

பறவைக்குத்தான் வாங்குகிறேன். எதை எடுக்கலாம்?

கொழும்பில் இருப்பவர் அதிர்ஷ்டசாலி. 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரங்களில் இதுவும் ஒன்று. பெத்தகான, தியசரு, தலங்கம எல்லாம் பஸ்ஸில் போகும் தூரம். பேர வாவியில் கூழைக்கடாக்களை நடைபாதையிலிருந்தே எடுக்கலாம். அங்கே 600 மிமீயே அதிகம்.

உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் பி950. நீலத் தாழைக்கோழி ஒரு தண்டைப் பிடுங்கி, நீண்ட சிவப்பு விரல்களால் கைபோல இறுக்கிப் பிடித்து, உரித்துத் தின்னும். பலகைப் பாதையிலிருந்து அந்த விரல் மூட்டுகள் வரை எடுக்கலாம். அதுவும் பயந்து ஓடாது, ஏனென்றால் நீங்கள் கிட்டவே போகவில்லை. சுப்பர் சூமின் உண்மையான பலம் இதுதான்.

பறக்கும் பறவைக்கு நிக்கோன் பி வரிசையிலோ எஸ்எக்ஸ்70இலோ மனம் வைக்காதீர்கள். குவியம் தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடும், அதற்குள் செம்பருந்து ராஜகிரியவைத் தாண்டிவிடும். பி900 ஒரு மூச்சில் ஏழு படம் எடுத்துவிட்டு, மெமரி அட்டையில் எழுதி முடியும் வரை நம்மைக் காக்கவைக்கும். பறப்பவைக்கு ஆர்எக்ஸ்10 மார்க் 4, அல்லது கீழே சொல்லும் மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) வழி.

மீன்கொத்தி பாய்வதற்கு ஒரு தந்திரம் உண்டு. எஃப்இசட்300, எஃப்இசட்82 இரண்டிலும் 4கே படம் என்ற அமைப்பில், பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒரு விநாடியையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. விநாடிக்கு 30 படம், ஒவ்வொன்றும் 8 மெகாபிக்சல். மீன்கொத்தி கிளையை விட்டதைக் கண்டபின் அழுத்தினாலும் அது கிளையை விட்ட தருணம் கிடைத்துவிடும். இதைத் தெரியாமலே இந்தக் கமராவை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு.

சூம் பண்ணியதும் பறவை காணாமல் போய்விடுகிறது. என்ன செய்வது?

2000 மிமீயில் 100 மீட்டர் தூரத்தில் தெரிவது ஒன்றேமுக்கால் மீட்டர் அகலம்தான். கை கொஞ்சம் அசைந்தால் வேறு மரம். நிக்கோனில் லென்ஸ் பக்கத்தில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் சூம் தற்காலிகமாகப் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். கெனனிலும் இதே வேலைக்கு ஒரு பொத்தான் உண்டு. வாங்கிய முதல் நாள் சூம் பண்ணிப் பார்ப்பதைவிட இந்தப் பொத்தானில் விரலைப் பழக்குங்கள்.

மிரர்லெஸ் ஒன்றும் 70-300 லென்ஸும் வாங்கினால் இதைவிட நல்லதா?

மேலே போட்ட அதே கணக்கைப் போடுவோம். 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54 மிமீ. பி950இன் வாய்க்குச் சமம்! சென்சர் பதின்மூன்று மடங்கு பெரியது, குவியம் பிடிப்பது வேகம், ரோ கோப்பில் (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருட்டைத் தூக்கலாம். ஏபிஎஸ்-சி எனப்படும் அந்தச் சென்சரில் 300 மிமீ லென்ஸ் 450 மிமீ போல வேலை செய்யும், மீதியை வெட்டிக்கொள்ள வேண்டும். பறக்கும் பறவைக்கும் பிள்ளைகளின் ஓட்டத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். 150-600 லென்ஸ் என்றால் வாய் 95 மிமீ, எந்த சுப்பர் சூமும் கிட்ட வராது. ஆனால் லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ அளவில், விலையும் அதற்கேற்ப.

சுப்பர் சூம் எங்கே நிற்கிறது என்றால், ஒரே பையில், ஒரே கையில், லென்ஸ் மாற்றாமல் 24இலிருந்து 2000 வரை போவதில். வில்பத்து ஜீப்பில் புழுதிக்குள் லென்ஸ் மாற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆடிவேல் ஊர்வலம், கல்யாண வரவேற்பு, இரவுத் திருவிழா?

சிறிய சென்சர் கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். செட்டியார் தெருவிலிருந்து வரும் ரதத்தைப் பகல் வெளிச்சத்தில் காலி வீதியில் எடுத்தால் அழகாக வரும். விளக்கேற்றிய பிறகு, 1000 மிமீயில் எஃப் 6.5இல், நகரும் ரதமும் நகரும் கூட்டமும் ஒரே கலக்கலாகத்தான் கிடைக்கும். நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், ரதத்தை நிறுத்தாது. எஃப்இசட்1000, ஆர்எக்ஸ்10 இரண்டும் சமாளிக்கும்.

அண்ணா, மகளின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எது பொருத்தம்?

தங்கச்சி, எஃப்இசட்300. பாவித்ததாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். மைதானத்தின் மறுபக்கம் வரை 600 மிமீ போதும், எஃப் 2.8 என்பதால் ஷட்டரை விநாடியில் 1000இல் ஒரு பங்குக்குக் கொண்டுபோகலாம். எடை 700 கிராமுக்குள். தூறல் விழுந்தாலும் பயமில்லை, தூசியும் நீர்த்துளியும் புகாதபடி அடைத்திருக்கிறார்கள். அஞ்சலோட்டத்தில் கோலை மாற்றும் இடத்தில் முன்கூட்டியே குவியத்தை வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஓடிவரும் பிள்ளையோடு சேர்ந்து கமராவும் ஓடவேண்டாம்.

கடற்காற்றும் ஈரப்பதனும் கமராவைக் கெடுக்கும் என்கிறார்களே?

கெடுக்கும், அதுவும் இந்த வகைக்குக் கூடுதலாக. கழற்றக்கூடிய லென்ஸில் பூஞ்சை பிடித்தால் லென்ஸ் மட்டும்தான் போகும். இதில் கமராவே போகும். உள்ளே பிரித்துத் துடைக்கும் கூலியைக் கேட்டால் புதியதையே யோசிக்கத் தோன்றும். சென்சரில் தூசி விழுந்தாலும் நீங்களாகத் துடைக்க வழியில்லை.

சூம் நீளும்போது குழாய் வெளியே வருகிறது, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காலிமுகத்திடலில் காற்று வீசும் மாலையில் அந்தக் காற்றோடு உப்புத் துளியும் போகும். யாலவில் செம்புழுதி போகும். சூமைச் சும்மா உள்ளும் வெளியுமாக ஓட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயை முழுதாக நீட்டி, சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, காய்ந்தபின் மூடுங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்க மாடி வீடு என்றால் திறந்த அலுமாரியில் கமரா வைப்பதே கூடாது.

வைக்கும் இடம் 40இலிருந்து 50 சதவீத ஈரப்பதனில் இருந்தால் போதும். உலர் பெட்டி வாங்க வசதியில்லை என்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதன் மானி. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். அரிசி வாளிக்குள் வைக்கும் வைத்தியம் வேண்டாம். மாத்தூள்தான் உள்ளே போகும்.

அப்புறம், குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுதும் புகைபோல நீர் படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். துடைத்துத் துடைத்து எடுப்பதால் பயனில்லை, மீண்டும் படியும்.

பாவித்த கமரா வாங்கலாமா?

வாங்கலாம், பகலில் நேரில் பார்த்தால். சூமை முழுதாக நீட்டி முனையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், கடகடவென்றால் வேண்டாம். போன் டோர்ச்சை முன் கண்ணாடியில் சாய்வாக அடித்தால் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா பாருங்கள், அது பூஞ்சை. எஃப் 8இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சர் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். சூம் மோட்டர் இடையில் நின்று நின்று போனால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பி900 மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அதில் ரோ கோப்பு இல்லை, வியூஃபைண்டர் பழைய காலத்து மங்கல். நிலாவும் உட்கார்ந்த பறவையும்தான் வேண்டுமென்றால் இன்றும் நல்ல கமராதான். கைக்குக் காசு கொஞ்சம் கூடினால் பி950.

புதியது வாங்கும்போது உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா, கடைக்காரருடையதா என்று எழுத்தில் கேளுங்கள். விலை வித்தியாசத்தின் காரணம் அநேகமாக அதற்குள்தான் இருக்கும்.

பி1000ஆ, பி1100ஆ?

லென்ஸும் சென்சரும் மாறவில்லை. யூஎஸ்பி-சி வந்திருக்கிறது, சில அமைப்புகள் திருத்தப்பட்டிருக்கின்றன. விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் பழையதையே எடுங்கள். ஆனால் அதற்கு முன் கடையில் பத்து நிமிடம் கையில் தூக்கி வைத்திருங்கள். 1.4 கிலோ. தோள் ஒத்துக்கொள்ளாவிட்டால் பி950 ஒரு கிலோ, எஸ்எக்ஸ்70 600 கிராம் அளவு.

சரி, நீங்கள் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால்?

கொழும்பில் இருந்துகொண்டு, வார இறுதியில் ஈரநிலம், வருடத்தில் ஓரிரு முறை யால அல்லது மின்னேரியா என்றால் பி950. குடும்பம், விளையாட்டு, பயணம், கொஞ்சம் பறவை என்று கலந்திருந்தால் எஃப்இசட்300. காசு பிரச்சினையில்லை, ஒரே கமரா போதும் என்றால் ஆர்எக்ஸ்10 மார்க் 4. எஸ்எக்ஸ்70இல் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை, இலேசானது, நிறமும் அழகு. ஆனால் அதைக் கட்டாயம் வாங்குங்கள் என்று சொல்லவைக்கும் காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

முக்காலி தேவையா?

நிலாவுக்கும் வீடியோவுக்கும் ஆம். பறவைக்கு வேலியும் மரமும் ஜீப் கம்பியும் போதும். நடுக்கம் தடுக்கும் வசதி பி950இல் ஐந்தரைப் படி வரை உதவும் (ஒரு படி என்றால் ஷட்டர் நேரம் இரட்டிப்பு) என்கிறது நிக்கோன், கையில் பிடித்தே 2000 மிமீ எடுக்க முடிகிறது. முக்காலியில் உறுதியாக வைத்தபின் அந்த வசதியை அணைத்துவிட்டு, இரண்டு விநாடித் தாமதத்தில் எடுங்கள். விரல் அழுத்தும் அசைவே படத்தைக் கலைத்துவிடும்.

சூரியனை எடுக்கலாமா?

முன் கண்ணாடியில் சூரிய வடிகட்டி போடாமல் கூடாது. வியூஃபைண்டர் மின்திரை என்பதால் கண்ணுக்கு நேரடி ஆபத்து இல்லை, ஆனால் 55 மிமீ வாய் சேர்க்கும் வெப்பம் முழுதும் விரல்நகத்தைவிடச் சிறிய சென்சர் மேல் விழும். கடலில் மூழ்கும் கடைசி நிமிடச் செஞ்சூரியனை, கூசாமல் வெறுங்கண்ணால் பார்க்க முடிகிற அளவுக்கு மங்கியபின் எடுக்கலாம்.

பற்றரி ஒன்று போதுமா?

போதாது. நிறுவனக் கணக்கில் பி1000க்கு ஒரு சார்ஜில் சுமார் 250 படம், பி950க்கு 290, எஸ்எக்ஸ்70க்கு 325. சூமை ஓட்டும் மோட்டரும் வியூஃபைண்டரும் அதையும் குறைக்கும். காட்டுக்குப் போவதென்றால் குறைந்தது ஒன்று மேலதிகமாக, அதுவும் அசலாக. மலிவு நகல் பற்றரிகள் வீங்கி உள்ளே சிக்கிக்கொண்டால் இழுத்தெடுப்பது பெரும்பாடு.